உறைமேல் முகவரி

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

எங்கள் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் மின்விசிறிகள் பல இருந்தாலும் ஒழுங்காகச் சுற்றுவது ஒன்றுதான். அதனால் யார் எங்கே உட்காருவது என்பதில் தினமும் ஒரு சின்ன இழுபறி நடக்கும். அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருப்பதற்கு அதுவே காரணம். முறையாக எழுதிவிடுகிறேன்.

ஜன்னலோர இருக்கையில் சாஜிதா. கோட்டக்குப்பத்துப் பெண், ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பவள். அவளுக்கு இடப்பக்கம், விசிறிக்கு நேர் கீழே, ஆரோக்கியசெல்வி. அவளுக்கும் அதே வேலை. கண்ணாடித் தடுப்புக்குள் மேலாளர் சித்தார்த்தன். கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் எங்கள் கிளை அறையில் அமலா. ஸ்பீக்கர் வழியாக எங்களோடு இருந்தாள். அந்தக் கிளையின் வாசலில், வண்டிக்குள், டிரைவர் ஹமீத். சேந்தம்பட்டில், மல்லாட்டைக் கொல்லை வரப்பில், தங்கை பூமாலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள். விழுப்புரத்து அறையில் எல்லாருக்கும் பின்னால், சுவரோரம், ஒரு கை உடைந்த நாற்காலியில் நான். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய திரையும் தெரியும்.

கடைசி இரண்டு வாக்கியங்களை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள். சாவுக்கு வந்தபோது, அன்றைக்கு நான் லீவில் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அங்க இருந்திருந்தா என் பொண்ண வுட்டிருப்பியாடா" என்று அழுதீர்கள். நான் இருந்தேன் சித்தப்பா.

நடந்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். என் வேலை என்னவென்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் வேலை, தேடிக் கொடுப்பது. மாவட்டத்தில் உள்ள ஊர், தெரு, கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாவற்றின் முகவரிகளையும் எங்கள் சர்வர்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. விழுப்புரத்தில் இரண்டு, திண்டிவனத்தில் ஒன்று. ஒன்று வைத்திருப்பதன் நகல் இன்னொன்றிடமும் இருக்கும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது பதில் சொல்லும். சாஜிதா ஓர் இடத்தின் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது என்று சர்வர் கண்டுபிடித்துச் சொல்லும். டிரைவரின் போனுக்கு வழி போய்விடும். கூப்பிடும் மனிதர் பதற்றத்தில் அரைகுறையாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகச் சில கட்டளைக் கோப்புகள் உண்டு. கான்ஃபிக் என்போம். அவற்றை எழுதுவதும் மாற்றுவதும் என் பொறுப்பு.

அதில் ஒரு கோப்பு, காதில் வாங்க வேண்டாத சொற்களுக்கானது. "பக்கம்", "கிட்ட", "ஆண்ட", "எதிர்ல" என்று ஜனங்கள் சேர்த்துச் சொல்லும் சொற்களை அதில் எழுதி வைத்தால், சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் தேடும். நல்ல ஏற்பாடு. நான்தான் கொண்டுவந்தேன். கோப்பை மாற்றிப் பொது இடத்தில் ஏற்றினால் மட்டும் போதாது; ஒவ்வொரு சர்வரையும் ரீலோட் செய்ய வேண்டும், அதாவது புதிய கட்டளையை எடுத்துப் படி என்று சொல்ல வேண்டும். அதுவரை அது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கோப்பில் ஒரு நாள் "காலனி" என்ற சொல்லையும் சேர்த்தேன்.

ஏன் சேர்த்தேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடிதம் எழுதுவது நன்றாக வரும். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் போடுவேன். ஒரு பரீட்சையில் கடைசியில் உறைமேல் முகவரி எழுதும்போது அப்பா பெயரைப் போட்டு, மாரியம்மன் கோயில் அருகில், சேந்தம்பட்டு என்று முடித்திருந்தேன். தமிழ் வாத்தியார் என் தாளை வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "டேய், காலனின்னு போடுடா. போடலன்னா லெட்டர் ஊருக்குள்ள போயி நிக்கும். அப்பறம் எவன் கொண்டாந்து உங்கப்பன்கிட்ட குடுப்பான்?" என்றார். வகுப்பு சிரித்தது. அரை மதிப்பெண் போயிற்று. அவர் சொன்னதில் தவறில்லை; நம் பக்கம் ஒரே பெயரில் இரண்டு இடம், இரண்டிலும் ஒரு மாரியம்மன். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குக் கை கூசும். அதை எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்களெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற காலம் இது. நான் எடுத்தேன். அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு சிறு விஷயமும் உண்டு. முறைக்காக அதையும் எழுதுகிறேன்.

புதிய தேடலைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தார்த்தனுக்கு உற்சாகம். மேலிருந்து எடுத்த படத்தோடு ஒவ்வொருவர் வீட்டையும் தேடிக் காட்டினார். சாஜிதாவின் வீடு வந்தது.

"ஐய சார், மாடியில எங்க வாப்பாவோட லுங்கி காயுது. மூடுங்க, மூடுங்க" என்றாள் அவள்.

"லுங்கியாவது காயுது. எங்க வீட்டுல பாரு, குப்பத்தொட்டிதான் பளிச்சுனு தெரியுது. நல்லவேளை எங்க மாமியார் இதைப் பாக்கல" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"அடுத்து தேவா சார். உங்களுது எது?" என்று சித்தார்த்தன் என் பக்கம் திரும்பினார்.

"கீழ்ப்பெரும்பாக்கந்தான் சார், தெரியுமே."

"அது வாடக வீடு சார். சொந்த ஊரு சொல்லுங்க."

"மயிலம் பக்கம்."

"மயிலம் பக்கம்னா பக்கத்துல பத்து ஊரு இருக்கு. இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் ஒரு அழைப்பு வந்து காப்பாற்றியது. "அடுத்த வாரம் பெரிய ஆபீஸ்லேந்து பாக்க வர்றாங்க. அப்ப எல்லாரோட ஊரையும் போடுவோம். சார் தப்பிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் வீடு கொடுக்கும்முன் கேட்டதும் அதுதான்: சொந்த ஊர் எது. சேந்தம்பட்டு என்றேன். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவராக நினைத்துக்கொண்டார். அலுவலகத்திலும் அப்படித்தான். நான் பொய் சொன்னது கிடையாது. ஒரு சொல்லை விட்டுவிட்டுச் சொல்வேன், அவ்வளவுதான். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த சான்றிதழில் மட்டும் அந்தச் சொல் இருந்தது; அதைப் பார்த்து யாராவது அடித்தால் பெரிய திரையில் காலனிதான் வரும்.

மாற்றம் செய்வதற்கு முறையாக அனுமதி கேட்டு மெயில் அனுப்பினேன். பொருள்: பயனற்ற சொற்கள் நீக்கம். சித்தார்த்தன் திறந்துகூடப் பார்க்காமல் சரி என்று பதில் போட்டார். கோப்பை ஏற்றினேன். விழுப்புரத்து சர்வர்கள் இரண்டும் எடுத்துக்கொண்டன. திண்டிவனத்து சர்வர், லைன் மந்தமாக இருந்ததால், எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சோதித்துப் பார்த்தபோது, சேந்தம்பட்டு காலனி என்று கேட்டால் விழுப்புரத்து சர்வர் சேந்தம்பட்டு ஊரைக் காட்டியது. வண்டி எங்கே போய் நிற்கும் என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். ஏரி வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலத்தில் ஊரிலிருந்து காலனிக்கு நடந்தே வந்துவிடலாம், பெரிய தூரமில்லை என்று நினைத்தேன்.

அது ஐப்பசி. வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் உங்கள் அழைப்பு வந்தது. பாம்புக்கடி என்றால் திண்டிவனத்துக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுவது வழக்கம்.

"எந்த ஊரு அண்ணே, பதறாம சொல்லுங்க" என்றாள் சாஜிதா.

"சேந்தம்பட்டு காலனிம்மா. மாரியாத்தா கோயிலாண்ட. எம்பொண்ண பாம்பு புடுங்கிட்சி. கண்ணாடி விரியன்னு சொல்றாங்க. ஜல்தி வாங்கம்மா, கண்ணு சொருவுது. அம்மாடி பூமாலை, அப்பாவ பாரு."

குரல் உங்களுடையது என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பெயரும் சொன்னீர்கள். பின்னால் பூமாலையின் குரலும் கேட்டது. "அண்ணன் ஆபீசாப்பா" என்று கேட்டாள். நீங்கள் "ஆமாம்மா, அண்ணன் ஆபீசுதான்" என்றீர்கள். நான் கொடுத்த ஆம்புலன்ஸ் நம்பர் ஸ்டிக்கரைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தவள் அவள்தானே.

சாஜிதா அடித்தாள். அமலாவும் அங்கே அடித்தாள்.

"சாஜி, எனக்கு ஏரிக்கு இந்தாண்ட காட்டுது, காலனி மாரியம்மன். உனக்கு?" என்றாள் அமலா.

"எனக்கு ஊருக்குள்ள காட்டுதே. காலனின்னுதான் அடிச்சேன். இன்னாடி இது, ரெண்டும் ரெண்டு சொல்லுது. தேவா சார், எது கரெக்ட்டு?"

ஹமீத் குறுக்கே வந்தார். "எதனா ஒண்ணு சொல்லுங்கம்மா, வண்டிய எடுத்துட்டேன்."

"சார், நீங்க மயிலம் பக்கந்தானே. இந்த ஊரு தெரியுமா?" சாஜிதா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஆரோக்கியசெல்வியும் பார்த்தாள்.

அந்த வழி எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மெயின் ரோட்டில் ரேஷன் கடைக்கு முன்னாலேயே திரும்ப வேண்டும். தாண்டிப் போய்த் திரும்பினால் ஊர். புளியமரத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கும். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

பிறகு, "திண்டிவனம் சர்வர் பழைய கான்ஃபிக்ல ஓடுது. இருங்க, சரி பண்றேன்" என்றேன். அது பொய்யில்லை. பழைய கான்ஃபிகில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரீலோட் கொடுத்தேன். முதல் நாள் அவ்வளவு அடம்பிடித்தது, அன்றைக்கு உடனே எடுத்துக்கொண்டது.

"ஆங், இப்ப எனக்கும் ஊருதான் வருது" என்றாள் அமலா.

"அப்பாடா" என்றாள் சாஜிதா. ஹமீதின் போனுக்கு வழி போனது.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வேலையில் மிகப் பெரிய ஆபத்து, ஒரே கேள்விக்கு இரண்டு சர்வர்கள் இரண்டு பதில் சொல்வது. எல்லாம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதைத்தான் செய்தேன். மூன்றும் ஒரே பதில் சொல்லின.

ஹமீத் வேகமாகத்தான் ஓட்டினார். ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நின்று கூப்பிட்டார். "இங்க யாருமே இல்லம்மா. கேட்டா, எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணுமில்ல, அந்தாண்ட காலனியா இருக்கும்ங்கிறாங்க. வாய்க்கால்ல தண்ணி போவுது, வண்டி எறங்காது. பேஜாரா இருக்கு. மெயின் ரோட்டுக்குத் திரும்பிச் சுத்திப் போவட்டுமா?"

சாஜிதா மறுபடி என்னைப் பார்த்தாள்.

கூப்பிட்டவரைத் தொடர்பு கொள்ளாமல் வண்டி, காட்டிய இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. நான் எழுதியது. ஆளாளுக்கு வழி சொல்லி வண்டி ஊர் ஊராகச் சுற்றக் கூடாது என்பதற்காக. "மொதல்ல கூப்பிட்டவங்கள புடிங்க. அதுவரைக்கும் நிக்கட்டும்" என்றேன். சாஜிதா உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. எனக்குப் பூமாலையின் நம்பர் தெரியும். அது என் போனில், சட்டைப்பையில் இருந்தது. எடுத்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பிறகு நடந்தது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வண்டியின் விளக்கு சுற்றுவதைப் பார்த்தீர்கள். கத்தினீர்கள், துண்டை வீசினீர்கள். பையன்கள் அவளைத் தோள்மேல் தூக்கி, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஹமீத் வண்டியைவிட்டு இறங்கி ஓடிவந்து வாங்கிக்கொண்டார். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரணை நடந்தது. அறிக்கை எழுதும் வேலை, வழக்கம்போல, கையெழுத்தும் வாக்கியமும் நன்றாக இருக்கும் என்பதால் எனக்கு வந்தது. தேடலில் கோளாறு இல்லை, எல்லா சர்வர்களும் ஒரே பதிலைத் தந்தன என்று எழுதினேன். விதி சரியானதே, ஆனால் எதிரே இருப்பதைப் பார்த்து டிரைவர் தம் புத்தியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். ஹமீதை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். சாஜிதா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். "அவரு நகரட்டுமான்னு கேட்டாரு சார், நாமதான் நிக்க சொன்னோம்" என்றாள். நாம் என்றாள், நீங்கள் என்று சொல்லவில்லை. நல்ல பெண். ஹமீதின் மச்சான் துபாயில் இருக்கிறாராம், விசா பார்க்கிறாராம். போனால் நன்றாக இருப்பார்.

சாவு வீட்டில் வண்டி ஏன் ஊர்ப்பக்கம் போனது என்று நீங்கள் கேட்டபோது, டிரைவர் புதுசு என்றேன். நீங்கள் ஹமீதைச் சபித்தீர்கள். நான் தடுக்கவில்லை. அவர் அவளைக் கையில் வாங்கும்போது அழுதார் என்று பையன்கள் சொன்னதையும் அப்போதுதான் கேட்டேன்.

அந்தச் சொல் இன்னும் கோப்பில் இருக்கிறது. எடுத்தால், எதற்காகச் சேர்த்தீர்கள், எதற்காக எடுக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். அதன்பிறகும் வண்டிகள் இடம் தவறிப் போய் நின்றிருக்கின்றன; அனந்தபுரம் பக்கம் ஒரு பிரசவம், வேறு சிலவும். என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. கெட்ட செய்தி என்றால் தானாக வந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை சாஜிதா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், ஒண்ணு கேக்கணும். காலனின்னு மட்டும் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரல. மாவட்டம் பூரா அப்பிடி ஒரு எடமே இல்லாத மாதிரி காட்டுது" என்றாள்.

"அப்படி ஒரு இடமே இல்லாம போனா நல்லதுதானேம்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எடம் இல்லாம போவல சார். ஆளுங்க அங்கதான் இருக்காங்க" என்றாள். கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லி சித்தார்த்தனிடம் கேட்டிருக்கிறாள். திங்கள்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பயந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எப்படியும் எழுதுவதாகத்தான் இருந்தேன்.

ஆகவே, முறையாகச் சொல்வதென்றால்: பூமாலை பாம்பு கடித்துச் சாகவில்லை. வழி தெரிந்த ஒருவன் சொல்லாததால் செத்தாள். சரியான பதில் ஒரு திரையில் இருந்தது. அதை அழித்தவன் நான். தெரிந்தே செய்தேன். எங்கள் அறையில் இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். இதற்குமேல் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் கடிதங்களை உங்களுக்குப் பூமாலைதான் படித்துக்காட்டுவாள். இதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. நம்பகமான ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். கேட்டபிறகு நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். போலீசுக்குப் போனாலும் சரி, ஹமீதிடம் போய்ச் சொன்னாலும் சரி. கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும், அதுதான் முக்கியம். அந்த நிம்மதியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதி முடித்தேன்.

இத்துடன் மடித்து உறையில் வைத்து, பசை தடவி ஒட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் உள்ள தபால் பெட்டியில் போடுகிறேன். முகவரியை இரண்டாம் முறையும் சரிபார்த்துவிட்டேன். தேவையான சொல் எதுவும் விடுபடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்,
தேவா.

உறைமேல் முகவரி:

திரு. பெ. சின்னக்கண்ணு அவர்கள்,
மாரியம்மன் கோயில் அருகில்,
சேந்தம்பட்டு,
மயிலம் வழி,
விழுப்புரம் மாவட்டம்.